ஒரே கதவு, இரண்டு தடவை: இசை நாடக செட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை நாடகங்களுக்கு செட் போடுகிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் யாராவது பிடித்து நிறுத்தி இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்பார்கள். நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன்.

செட் என்றால் பின்னால் தொங்குகிற படுதாதானே?

அது ஒரு பகுதி. நடிகர் நிற்கும் தளம், ஏறும் படி, திறக்கும் கதவு, உட்காரும் நாற்காலி, மேலிருந்து இறங்கும் விளக்கு, வேண்டுமென்றே காலியாக விட்ட மூலை எல்லாமே செட்தான். கடிதம், பெட்டி மாதிரி கையில் எடுக்கிற சாமான்களை ப்ராப்பர்ட்டி என்று தனியாகப் பிரிப்பார்கள். யார் பொறுப்பு என்று பட்டியல் போட அது வசதி. பார்ப்பவருக்கு அந்தப் பிரிவினை எல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

மரமும் துணியும் இரும்பும் ஒரு மனிதரின் மன வளர்ச்சியை எப்படிக் காட்டும்?

ஒரே இடத்தை இரண்டு தடவை காட்டித்தான். என் அனுபவத்தில் இதுதான் வேர், மற்றதெல்லாம் கிளைகள்.

வளர்ச்சி என்றால் முன்பு இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒரு காட்சியை மட்டும் வைத்து அதைக் காட்ட முடியாது. சோகமான அறை என்று ஒன்றைப் பிரமாதமாக அமைக்கலாம், ஆனால் அது சோகத்தைக் காட்டும், மாற்றத்தைக் காட்டாது. முதல் பாதியில் பார்த்த அதே அறைக்கு அந்த ஆள் இரண்டாம் பாதியில் திரும்பி வரும்போதுதான் பார்ப்பவர் மனதில் ஒப்பீடு தொடங்கும். அப்போது இரண்டு வழி இருக்கிறது. அறை மாறியிருக்கலாம். அல்லது அறை அப்படியே இருந்து, அதில் அவர் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ஒரு தயாரிப்பில் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரும் மகளின் கதை. அப்பாவின் உயரமான நாற்காலியை இரண்டு படி உள்ள மேடையில் வைத்திருந்தோம். மகள் திரும்பி வருகிற காட்சிக்காக இரண்டு சுவர்களைப் பெயர்ந்த பூச்சோடு புதிதாகச் செய்து, இடையில் மாற்றி நிறுத்தத் திட்டம். ஒத்திகையில் அந்த நடிகை உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், நேராகப் படி ஏறி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் பாதி முழுக்க அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போன பெண் அவர், கை தவறிக்கூட அதன் மேல் பட்டதில்லை. எல்லோரும் ஒரு நொடி பேசாமல் இருந்தோம். அந்த இரண்டு சுவர்களும் மேடைக்கு வரவேயில்லை. (செலவு செய்து முடித்த பிறகுதான் இது நடந்தது என்பது வேறு கதை.)

நிலத்தையும் மனதையும் சேர்த்தே பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. முல்லை என்றால் காத்திருத்தல், குறிஞ்சி என்றால் கூடல் என்று வகுத்தார்கள். அதைவிட எனக்கு ஆச்சரியமானது பாலை. அது தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். அதே இடம்தான், இரண்டாம் முறை வரும்போது பிரிவின் இடமாகிவிடுகிறது. செட் வடிவமைப்புக்கு இதைவிடச் சுருக்கமான பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

பேச்சு நாடகத்திலும் இதைச் செய்யலாமே, இசை நாடகத்துக்கு என்ன தனி?

பாட்டு திரும்பி வரும் என்பதுதான் தனி. முதல் பாதியில் துள்ளலாகப் பாடிய மெட்டு இரண்டாம் பாதியில் வேகம் குறைந்து, வரிகள் மாறி மறுபடி வரும். காது தானாகவே பழையதோடு ஒப்பிடும். கண்ணுக்கும் அதே வேலையை செட் கொடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

இன்னொன்று நேரம். பேச்சு போதாத இடத்தில்தான் கதாபாத்திரம் பாடத் தொடங்குகிறது. அந்த மூன்று நான்கு நிமிடம் வெளியில் கதை நின்று உள்ளே மனம் நகரும். பேச்சு நாடகத்தில் அவ்வளவு நேரம் ஒரு சுவர் மெதுவாக விலகினால் ‘என்ன இது’ என்று தோன்றும். பாட்டு நடக்கும்போது விலகினால் இசையே அதை நகர்த்துகிற மாதிரி இருக்கும்.

இந்த யோசனை பழையது. சுவிட்சர்லாந்தின் மேடை வடிவமைப்பாளர் அடால்ஃப் ஆப்பியா (1862–1928) ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களை வைத்து யோசித்தவர். தட்டையான ஓவியப் படுதாவுக்கு முன்னால் கனமுள்ள மனித உடல் நிற்பது பொருந்தவில்லை, படிகளும் சரிவுகளும் ஒளியும் வேண்டும், மேடையின் காலத்தையும் இடத்தையும் இசைதான் தீர்மானிக்க வேண்டும் என்றார். இன்று நாம் செய்வதில் பாதி அவர் சொன்னதுதான்.

நன்றாகச் செய்த உதாரணங்கள் சொல்லுங்கள்.

முதலில் ‘டியர் இவான் ஹான்சன்’ (நியூயார்க்கின் பிராட்வே அரங்கு, 2016; செட் டேவிட் கோரின்ஸ்). தனிமையில் தவிக்கும் ஒரு பையன் ஒரு பொய் சொல்லி அதில் மாட்டிக்கொள்ளும் கதை. மேடை முழுக்க இருட்டு, சுற்றிலும் இணையப் பதிவுகள் ஓடும் திரைகள், நடுவில் ஒரு கட்டில், ஒரு சாப்பாட்டு மேசை என்று துண்டு துண்டாக வந்து போகும் வீடுகள். ஆரம்பத்தில் அவன் ஒரு பழத்தோட்டத்தைப் பற்றிப் பாடுகிறான். இறந்துபோன ஒரு சக மாணவனோடு அங்கே ஒரு நாள் கழித்ததாக அவன் கட்டிய பொய் அது. அந்தத் தோட்டத்தை நாம் பார்ப்பதில்லை, கேட்க மட்டும் செய்கிறோம். கடைசிக் காட்சியில் திரைகளின் ஆட்சி முடிந்து, அந்தத் தோட்டமே வெளிச்சத்தோடு மேடைக்கு வருகிறது. பொய்யில் ஒரு தடவை, நிஜத்தில் ஒரு தடவை. அவன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்று வசனமாகச் சொல்லத் தேவையே இல்லை.

‘ஹேட்ஸ்டவுன்’ (பிராட்வே, 2019) இன்னொரு வகை. ரேச்சல் ஹாக் அமைத்த செட், பிராட்வே நாடகங்களுக்குத் தரும் டோனி விருதை அந்த ஆண்டு வாங்கியது. பழைய மதுக்கூடம் போன்ற நெருக்கமான இடம். கிரேக்கப் புராணத்துப் பாடகன் ஆர்ஃபியஸ் காதலியைத் தேடிப் பாதாளத்துக்குப் புறப்படும் பாட்டில் தொங்கு விளக்குகள் ஊஞ்சல் போல வீசி ஆடும், அந்த மதுக்கூடத்தின் சுவர்கள் பிளந்து விலகும், பின்னால் தொழிற்சாலை போன்ற பெரிய வெளி திறக்கும். நாடகம் முடியும்போது எல்லோரும் மறுபடி அதே மதுக்கூடத்தில் நின்று, அதே கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். செட் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பார்க்கிற நாம் வரவில்லை.

‘ஹாமில்டன்’ (2015) செட்டும் கோரின்ஸ்தான். அமெரிக்காவை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாமில்டனின் கதை அது. இடைவேளைக்குப் பிறகு பின்சுவர் உயர்ந்திருக்கும். ஒரு நாடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது குறிப்பு, அந்த ஆளின் கனவுக்கும் சேர்த்து என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குப் பிடித்தது அதில்லை. ஹாமில்டனின் திருமண விருந்தில் மணப்பெண்ணின் அக்கா ஆஞ்ஜலிகா வாழ்த்துச் சொல்ல எழுகிறாள். அவளும் அவனை விரும்பியவள். உடனே மேடை பின்னோக்கிச் சுழன்று, சற்று முன் நாம் சந்தோஷமாகப் பார்த்த முதல் சந்திப்பு அவள் கண் வழியாக மறுபடி நடக்கிறது. அதே இடம், அதே ஆட்கள். இந்த முறை அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று தெரிகிறது.

இதையெல்லாம் விட எளிமையானது ‘லே மிசராப்’. பாரிஸில் கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் கூடிக் கொந்தளித்த அதே காபிக்கடை மேசைகளுக்கு நடுவே, அவர்கள் செத்த பிறகு அவர்களில் ஒருவனான மாரியஸ் தனியாக நிற்கிறான். வெறும் நாற்காலிகள், அவ்வளவுதான்.

சுழல் மேடை ஏன் இத்தனை நாடகங்களில் வருகிறது?

நடந்துகொண்டே நின்ற இடத்தில் இருக்கலாம் என்பதால். கதாபாத்திரத்தின் பயணத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் கருவி வேறு இல்லை. ‘லே மிசராப்’ 1985இல் லண்டனில் வந்தபோது ஜான் நேப்பியர் அமைத்த செட்டின் இதயமே அதுதான். வருடங்கள் கடந்ததை நடையிலேயே காட்டினார்கள். தடுப்பரண் போர் முடிந்ததும் அந்த அரண் அப்படியே திரும்பும், மறுபக்கத்தில் கிடப்பவர்களைப் பார்ப்போம். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ‘ஹாமில்டனில்’ ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், எதிரெதிராகவும் சுழலும். ஒருவர் நிற்க, உலகம் அவரைச் சுற்றி ஓடும்.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சுழல் மேடை கையில் இருந்தால் எல்லாப் பாட்டுக்கும் சுற்றத் தோன்றும். மூன்றாவது தடவைக்கு மேல் காரணமில்லாமல் சுற்றினால் அது ராட்டினம்.

கதாபாத்திரம் வளரவே இல்லை என்றால் செட் என்ன செய்யும்?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. ‘கேபரே’ (1966) பெர்லினில் நாஜிகள் தலையெடுக்கும் காலத்துக் கதை. கேளிக்கை விடுதியில் பாடும் சாலி மாற மறுக்கிறாள், விடுதிக்கே திரும்பிப் போகிறாள். போரிஸ் ஆரன்சன் மேடையில் ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்துத் தொங்கவிட்டார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தங்கள் முகமே அதில் தெரிந்தது. அவள் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அந்தக் கண்ணாடி நம்மிடம் கேட்டது.

அதே ஆரன்சன் ‘கம்பெனி’க்கு (1970) எஃகிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் பல அடுக்குக் கூடு ஒன்றைக் கட்டினார், ஓடும் லிஃப்டுகளோடு. கல்யாணமான நண்பர்களுக்கு நடுவே யாரிடமும் ஒட்டாமல் இருக்கும் ஒருவனின் கதை அது. அந்தக் கூட்டில் ஏறலாம், இறங்கலாம், எல்லோரையும் பார்க்கலாம். சாய்ந்து உட்கார ஒரு இடம் கிடைக்காது.

செட்டை மாற்றாமலே முழு நாடகத்தையும் நடத்த முடியுமா?

தாராளமாக. ‘நெக்ஸ்ட் டு நார்மல்’ (பிராட்வே, 2009) மன நோயோடு போராடும் ஒரு அம்மாவின் குடும்பத்தைப் பற்றியது. மார்க் வெண்ட்லாண்ட் அமைத்தது இரும்புச் சட்டங்களாலான மூன்று அடுக்கு வீடு. ஒரே பாட்டைப் பாடும்போதே ஒருவர் மேல் தளத்தில், ஒருவர் கீழே. ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் தூரத்தைப் படிக்கட்டால் அளக்கலாம் என்று அதைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது.

சந்தோஷத்துக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம் என்று நிறம் மாற்றினால் போதாதா?

போதாது. சலித்தும் போகும். நிறத்துக்கு நிரந்தர அர்த்தம் கிடையாது, அந்த நாடகத்துக்குள் நாம் பழக்குகிற அர்த்தம்தான் உண்டு. முதல் காட்சியில் அம்மாவின் சால்வை பச்சை என்றால், கடைசிக் காட்சியில் மகளின் ஜன்னல் திரை பச்சையாக இருக்கும்போது அதற்கு ஒரு கனம் வரும். எந்த நிறமாக இருந்தாலும் சரி.

செட் செய்வதையும் ஒளி செய்வதையும் எப்படிப் பிரிப்பது?

பிரிக்காதீர்கள். வலைத்துணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்தால் அது சுவர். முன் வெளிச்சத்தைக் குறைத்துப் பின்னால் இருப்பதை ஒளியூட்டினால் சுவர் கரைந்து, பின்னால் நிற்பவர் தெரிவார். நினைவு, கனவு, இறந்தவர் வருவது எல்லாவற்றுக்கும் இந்த ஒரு துணி போதும். இதில் செட் எது, ஒளி எது? ஒளி அமைப்பாளரை முதல் கூட்டத்திலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடைசி வாரத்தில் கூப்பிட்டால் விளக்கு மாட்ட இடமே இருக்காது.

காலி மேடையில் மன மாற்றத்தைக் காட்ட முடியுமா?

முடியும், ஆனால் அந்தக் காலியிடத்தைச் சம்பாதிக்க வேண்டும். ‘ஜிப்ஸி’யில் (1959) மகள்களை நட்சத்திரமாக்கவே வாழ்ந்த அம்மா, எல்லோரும் விலகிப் போன பிறகு வெறும் மேடையில் தனியாக நின்று பாடுகிறாள். அதுவரை அவள் மற்றவர்களுக்காகத் தேடியலைந்த மேடை அது. முன்னால் அத்தனை அரங்குகளும் அறைகளும் வந்து போனதால்தான் அந்த வெறுமை அடிக்கிறது.

‘சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்’ (1984) பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ஸெராவையும், பூங்காவில் ஞாயிறு கழிப்பவர்களை அவர் வரைந்த ஓவியத்தையும் மையமாக வைத்தது. டோனி ஸ்ட்ரெய்ஜஸ் அமைத்த மேடை வெள்ளைத் தாள் போலத் தொடங்கும். மரங்கள் வெட்டுருவங்களாக வந்து நிற்கும், ஓவியர் கை அசைத்தால் மறையும். முதல் பாதி முடியும்போது அந்தப் புகழ்பெற்ற ஓவியமே மேடையில் உருவாகி நிற்கும். இரண்டாம் பாதியின் கடைசியில் எல்லாம் விலகி மறுபடி வெள்ளை. முதலில் அந்த வெள்ளை ஒரு சவால். கடைசியில், இரண்டாம் பாதியில் வரும் அவர் வழிவந்த இன்னொரு ஜார்ஜுக்கு, அதுவே நம்பிக்கை. மேடைக்காரர் செய்தது ஒன்றையும் கூட்டாமல் இருந்ததுதான்.

இப்போதுதான் எல்.இ.டி திரை இருக்கிறதே, எதற்கு மரவேலை?

திரை கெட்ட பொருள் இல்லை, மேலே சொன்ன இவான் கதையில் திரைதான் அவன் சிறை. ஆனால் திரையில் தெரியும் கதவை நடிகர் திறக்க முடியாது, சாய முடியாது, அறைந்து சாத்த முடியாது. திரை இடத்தை அறிவிக்கிறது. உடம்போடு உறவு வைத்துக்கொள்ளாது. காட்டை, நகரத்தை, மழையைத் திரைக்குக் கொடுங்கள். மனதோடு சம்பந்தப்பட்ட அந்த ஒரு பொருளை மட்டும் கையால் தொடும்படி செய்துவிடுங்கள்.

கையில் பணம் குறைவு. எங்கிருந்து தொடங்குவது?

நாடகப் பிரதியை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை, எந்த இடங்கள் ஒரு முறைக்கு மேல் வருகின்றன என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று இடம்தான் இருக்கும். பணத்தை அங்கே போடுங்கள். ஒரே தடவை வந்து போகும் நீதிமன்றத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் போதும்.

அப்புறம் மாடல் செய்யுங்கள், 1:25 அளவில். அமெரிக்காவில் அரை அங்குலத்தை ஓர் அடியாக வைத்து 1:24 என்பார்கள், பெரிய வித்தியாசமில்லை. அதே அளவில் அட்டையில் மனிதர்களையும் வெட்டி வையுங்கள். ஒருவர் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் உயரம் வருவார். நாயகனின் அட்டை உருவத்தை எடுத்து, முதல் பாட்டுக்கு எங்கே நிற்பார், கடைசிப் பாட்டுக்கு எங்கே நிற்பார் என்று வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இடம், ஒரே உயரம், ஒரே பக்கம் என்றால் ஒன்று காரணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் யோசிக்கவில்லை.

பாட்டு நடக்கும்போதே செட் மாற்றலாமா?

மாற்றலாம், சத்தம் வராவிட்டால். ஒரு முறை நாயகி மெல்லிய குரலில் மன்னிப்புக் கேட்டுப் பாடும்போது பின்னால் ஒரு சுவர் நகர வேண்டும். ஒத்திகை அறையில் வழுக்கிக்கொண்டு போன சக்கரம் அரங்கத்துப் பலகைத் தரையில் கிறீச்சிட்டது. முதல் வரிசையில் ஒருவர் சிரித்தேவிட்டார். மறுநாள் சுவரின் நகர்வை வாத்தியங்கள் ஓங்கும் இடத்துக்குத் தள்ளினோம், சக்கரத்தையும் ரப்பர் சக்கரமாக மாற்றினோம். அன்றிலிருந்து இசைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் செட் மாற்றம் குறிக்கிறேன். எந்த அடியில் சத்தம் ஏறுகிறது, எங்கே மௌனம் என்று அதில் எழுதியிருக்கிறதே.

இயக்குநரும் செட் வடிவமைப்பாளரும் ஒத்துப்போகாவிட்டால்?

இயக்குநர் சொல்வதுதான் நடக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் சண்டை போடாமல் மாடலை நடுவில் வைத்து அட்டை ஆட்களை நகர்த்திக் காட்டுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இவ்வளவு நுணுக்கத்தையும் ரசிகர்கள் கவனிப்பார்களா?

பெயர் சொல்லிக் கவனிக்க மாட்டார்கள். ‘அந்த நாற்காலியில் உட்கார்ந்தாளே, அப்போது ஏனோ அழுதுவிட்டேன்’ என்பார்கள். அந்த ‘ஏனோ’வுக்குத்தான் இத்தனை வேலையும். செட்டைப் பார்த்துக் கைதட்டினால் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் கைதட்டல் வந்த செட்டில் பாதி, கதையை ஒரு நொடி நிறுத்திவிட்ட செட்.

செட் தயாராகக் கடைசி வாரம் ஆகிவிடுகிறது. அதுவரை நடிகர்கள் எப்படிப் பழகுவது?

தரையில் கலர் டேப் ஒட்டி, சுவர், படி, மேடை எல்லாவற்றையும் முழு அளவில் வரைந்துவிடுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். கதாபாத்திரம் திரும்பி வந்து தொடப்போகிற பொருளுக்கு மட்டும் டேப் உதவாது. அது நாற்காலி என்றால் அந்த நாற்காலியையே முதல் நாளிலிருந்து கொடுங்கள். கதவு என்றால் சட்டத்தோடு ஒரு கதவை நிறுத்துங்கள். பெயிண்ட் வேண்டாம், பூட்டு வேண்டாம், கைப்பிடி மட்டும் இருக்கட்டும்.